நாய்க்கு வைத்தியம்: யாரிடம் காட்டுவது, செலவை எப்படிச் சமாளிப்பது?

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம் வட்டாரம் கரிசல் பூமி. (தென்காசிப் பக்கம் இதே பெயரில் இருக்கும் ஊர் வேறு.) பருத்தி, மக்காச்சோளம், கம்பு விளைகின்ற மானாவாரி நிலம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீசுகளும் பெருகின. ஆனாலும் ஆடும் நாயும் இல்லாத வீடு இங்கு குறைவு. மேற்கே இராஜபாளையம், அருகிலேயே சிப்பிப்பாறை. இந்தியாவில் பெயர் பெற்ற இரண்டு நாட்டு நாய் இனங்களுக்கும் பெயர் கொடுத்த ஊர்கள் ஆலங்குளத்துக்காரர்களுக்குப் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன.

இந்த நாய்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் இராஜபாளையமும் இடம் பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிலையம் இராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. குட்டி விலை ஏறியதற்குக் கேட்பானேன்?

ஆனால் குட்டி வாங்கும்போது விலை பேசத் தெரிந்த அளவுக்கு, வாங்கிய பின் ஆகும் வைத்தியச் செலவைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய குட்டி, சில நூறு ரூபாய் ஊசி போடாததால் மூன்றாம் மாதமே இரத்தக் கழிச்சலில் போய்விடுகிறது. இன்னும் மோசமானது, ஊசி போடாத நாயால் வீட்டுப் பிள்ளைக்கு வரும் ஆபத்து.

டாக்டர் என்பவர் யார்?

கிராமத்தில் கால்நடைக்கு ஊசி போடுகிறவர் எல்லோருக்கும் "மாட்டு டாக்டர்" என்றே பெயர். உண்மையில் அவர்கள் பல வகை. அரசு கால்நடை மருந்தகத்தில் இருப்பவர் கால்நடை உதவி மருத்துவர், பட்டம் பெற்றவர். கிளை நிலையத்தில் இருப்பவர் கால்நடை ஆய்வாளர். சினை ஊசி, தடுப்பூசி, முதலுதவி ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர். இவர்கள் தவிர, பைக்கில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் சிலர் எங்கோ ஒரு டாக்டரிடம் உதவியாளாக இருந்தவர்கள். சிலருக்கு அந்த அனுபவமும் கிடையாது.

1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பி.வி.எஸ்சி. பட்டம் பெற்று, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். மற்றவர்கள் சில சிறு பணிகளை மட்டும், அதுவும் பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், செய்யலாம். ஆகவே புதிதாக ஒருவரிடம் நாயைக் கொண்டு போகிறவர்கள், "சார், உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய மருந்துச் சீட்டிலேயே அந்த எண் அச்சிட்டிருக்கும்.

மருந்துக் கடையில் போய், "அண்ணாச்சி, நாய் ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது, ஏதாச்சும் மாத்திரை கொடுங்க" என்று கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். கடைக்காரரும் நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார். அந்த மாத்திரை எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது பின்னால் வருகிறது.

பார்க்கும் விதத்தைப் பாருங்கள்

பட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மாட்டு வைத்தியத்தில் கைதேர்ந்தவர் நாய் வைத்தியத்தில் அதிகம் பழகாதவராக இருக்கலாம். கிராம மருந்தகத்தில் மாடும் ஆடும்தான் பெரும்பாலும் வரும். இதில் அவர்மீது குற்றம் இல்லை. ஆகவே சாதாரண நாளில், நாய்க்கு நோய் ஒன்றும் இல்லாதபோதே, ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. தடுப்பூசி போடுகிற சாக்கில் போகலாம்.

அப்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஊசியை எடுப்பதற்கு முன் நாயின் எடையைக் கேட்கிறாரா அல்லது எடை போடுகிறாரா? ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்க்கிறாரா? ஈறு, கண் இமை ஆகியவற்றின் நிறத்தைப் பார்க்கிறாரா? என்ன சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது என்று கேட்கிறாரா? என்ன நோய் என்று சந்தேகிக்கிறார், எத்தனை நாள் மருந்து, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்கிறாரா? இவற்றைச் செய்கிறவர் நல்ல டாக்டர். "இது எனக்குப் புரியவில்லை, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லத் தயங்காதவர் அதைவிட நல்ல டாக்டர். வந்தவுடன் மூன்று ஊசியை ஒன்றாகப் போட்டு, எதற்கு என்று சொல்லாமல் காசை வாங்கிக்கொள்கிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வியும் முக்கியம். இரவில் அவசரம் என்றால் அவரைக் கூப்பிடலாமா? முடியாது என்றால் யாரிடம் போவது? இதை முன்கூட்டியே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுராத்திரியில் நாய் வயிறு ஊதித் துடிக்கும்போது விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

அரசு மருந்தகமா, தனியாரா என்று பலர் கேட்பதுண்டு. வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காயத்துக்குக் கட்டு, சாதாரணக் காய்ச்சல், கழிச்சல் ஆகியவற்றுக்கு அரசு மருந்தகம் போதும்; செலவும் மிகக் குறைவு. காலையில் சீக்கிரம் போவது நல்லது, ஏனெனில் டாக்டர் பிற்பகலில் கிராமங்களுக்குப் போய்விடக்கூடும். எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, எலும்பு முறிவு, பெரிய அறுவை சிகிச்சை என்றால் வசதியுள்ள இடத்துக்கே போக வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் இந்தப் பகுதியாருக்குப் பெரிய வசதி. முன்பெல்லாம் இதற்கு நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ போக வேண்டியிருந்தது. கல்லூரி ஆஸ்பத்திரியில் மாணவர்கள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள், நேரம் ஆகும். ஆனால் ஒரே இடத்தில் பல துறை டாக்டர்கள் இருப்பதும், பரிசோதனைக் கட்டணம் குறைவாக இருப்பதும் அதை ஈடு செய்துவிடும்.

முதல் ஆண்டுச் செலவு

குட்டி வாங்கிய முதல் ஆண்டில்தான் ஊசிச் செலவு அதிகம். இதைத் தெரிந்துகொண்டு குட்டி விலையோடு சேர்த்தே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்க வேண்டும். பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வார வயது முடியும்வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி. டாக்டர் சொல்கிறபடி ஒரு ஊக்க ஊசி. அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை.

"தாய்ப்பால் குடித்த குட்டிதானே, ஒரு ஊசி போதாதா?" என்பார்கள். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புச் சக்திதான் இங்கு சிக்கல். அது குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். டாக்டர் காசு பார்ப்பதற்காகச் செய்யும் வேலை என்று இதை நினைக்க வேண்டாம்.

பார்வோ என்பது 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய வைரஸ் நோய். வாந்தி, துர்நாற்றத்துடன் இரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் மரணம். வைரசுக்கு நேரடி மருந்து எளிதில் கிடைப்பதில்லை. நான்கைந்து நாள் தினமும் குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடலைத் தாங்க வைக்க வேண்டும். தனியாரிடம் இது பல ஆயிரம் ரூபாய் ஆகும், பிழைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி செத்த இடத்தில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டு வந்து கட்டுவது பலர் செய்யும் தவறு. கட்டுத்தறியையும் தட்டையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும். அப்படியும், ஊசி முழுவதும் போட்ட நாயைத்தான் அங்கே கட்டலாம்.

தடுப்பூசியைக் கடையில் வாங்கித் தாமே போட்டுக்கொண்டால் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். இராஜபாளையத்தில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கினால், அதை நாய்க்குப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். அதற்காக ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைய விட்டாலும் வெறிநோய் ஊசி கெட்டுவிடும். வாங்கி வருவதானால் ஐஸ் போட்ட பிளாஸ்கில், ஐஸ் நேராகப் படாமல் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

வெறிநோயில் சிக்கனம் கூடாது

மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால், மனிதனுக்கானாலும் நாய்க்கானாலும் மாட்டுக்கானாலும், பிழைப்பது அநேகமாக இல்லை. நம் நாட்டில் மனிதர்களுக்கு இந்த நோய் வருவது பெரும்பாலும் நாய் கடித்துத்தான். 1885-ல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ஊசி போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. இவ்வளவு காலம் ஆகியும் ஊசி போடாத நாயால் நம் கிராமங்களில் இன்னும் உயிர் போகிறது. 2030-க்குள் நாயால் வரும் வெறிநோயை ஒழிக்க மத்திய அரசு 2021-ல் திட்டம் வகுத்திருக்கிறது.

கரிசல் காட்டில் நாய் ஒரு வீட்டில் அடைந்து கிடப்பதில்லை. ஆட்டுக் கிடையோடு போகும், தெரு நாயோடு சண்டை போடும், நரியோடும் மோதும். அப்படிப்பட்ட நாய்க்கு ஆண்டு ஊசி தவறலாகாது. சிவகாசிக்கு வேலைக்குப் போகும் வீட்டில் பகலெல்லாம் நாயோடு இருப்பவர்கள் பாட்டியும் பிள்ளைகளும்தான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாடு வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. மாடு திடீரெனத் தீவனம் எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தினால், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று எண்ணிப் பலர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார்கள். அது வெறிநோயாக இருக்கலாம். எச்சில் கையில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போனாலும் ஆபத்து. கையை விடாமல் மாட்டைத் தனியே கட்டிவிட்டு டாக்டரை அழைக்க வேண்டும். அந்த மாட்டின் பாலைக் கறக்கவும் குடிக்கவும் கூடாது. கடிபட்ட மாடு என்று தெரிந்தால் அறிகுறி வரும்வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொன்னால், கடித்த பின் போடும் தொடர் ஊசி போடுவார்.

மனிதரை நாய் கடித்தால் முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பக் கூடாது. பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்; அங்கு ஊசி இலவசம். கடித்தது தமது வளர்ப்பு நாய்தான், அதற்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கலாகாது. நாயைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனிக்கவும் வேண்டும்.

மனிதர் மாத்திரை நாய்க்கு விஷம்

இனி அண்ணாச்சி கடை மாத்திரைக்கு வருவோம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு ஒரே மாத்திரையில் உயிரைப் போக்கக் கூடியது. நாய்க்கும் அளவு மீறினால் ஈரல் கெட்டுவிடும். வலி மாத்திரையான டைக்ளோபினாக், இபுபுரூபன் ஆகியவை நாயின் வயிற்றில் புண் ஏற்படுத்தி இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் நொண்டுகிற நாய்க்கு இரண்டு ரூபாய் மாத்திரை கொடுத்துவிட்டு, நான்கு நாளில் கறுப்பாக மலம் போகிறது என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பது எந்த வகைச் சிக்கனம்?

டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006 முதலே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததே காரணம். 2023-ல் கீட்டோபுரூபன், அசிக்ளோபினாக் இரண்டும் அதே காரணத்துக்காகக் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. உங்கள் மாட்டுக்கு ஒருவர் டைக்ளோபினாக் ஊசி எடுத்தால், அவர் எப்படிப்பட்ட டாக்டர் என்பதற்கு அதுவே அடையாளம்.

விவசாயிகள் செய்யும் இன்னொரு தவறு, உண்ணி போக வேண்டும் என்று பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தை மிச்சம் பிடித்து நாய்மேல் தேய்ப்பது. நாய் தன் உடம்பை நக்கும். தோல் வழியாகவும் மருந்து உள்ளே இறங்கும். எச்சில் ஒழுகி, உடம்பு உதறி, கண் பாப்பா சுருங்கி மணிக் கணக்கில் செத்துவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் ஊற்றிக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் முறிவு மருந்து கொடுக்க முடியும்.

உண்ணியை அலட்சியம் செய்யவும் கூடாது. உண்ணிக் காய்ச்சலில் நாய் மெலிந்து, ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் இரத்தம் வடியும். நாளாக நாளாகச் செலவு கூடும். உண்ணி நாயின்மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும், கூரை ஓலையிலும், ஆட்டுக் கொட்டிலிலும்தான் அதிகம். சுவர் வெடிப்பைப் பூசி, கொட்டிலைச் சுத்தம் செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்து போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

குடற்புழு மருந்துக்கு எடை தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நாயை இறக்கி வைத்துவிட்டுத் தனியே ஏறிக் கழித்துப் பார்த்தால் எடை கிடைத்துவிடும். குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கறிக்கடைப் பச்சை ஈரலும் குடலும் தின்னும் நாய்க்கு இதில் சோம்பல் கூடாது.

சிப்பிப்பாறைக்கும் இராஜபாளையத்துக்கும் தனிக் கவனம்

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் ஆழ்ந்த நெஞ்சும் கொண்டவை. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. இதே உடல்வாகு கொண்ட கிரேஹவுண்ட் நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் எளிதில் தெளிவதில்லை என்பது டாக்டர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன், இது வேட்டை நாய் இனம் என்பதை டாக்டரிடம் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். மெலிந்திருக்கிறதே என்று இந்த நாய்களுக்குச் சத்து ஊசி போடச் சொல்வதும் வீண். விலா எலும்பு தெரிவதுதான் இவற்றின் இயல்பு.

ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு வயிறு நிறையத் தின்று ஓடியாடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறை மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவிக்கும். இது மணிக் கணக்கு அவசரம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாய் இருக்காது. ஒரே வேளை மொத்தமாகப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, தின்றவுடன் ஓட விடாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

பால் வெள்ளையாகப் பிறக்கும் இராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. வாங்கும்போது குட்டி பார்க்காத பக்கமிருந்து கை தட்டிப் பார்க்க வேண்டும். காற்றோ நிழலோ படாமல் தட்டுவது முக்கியம். செவிட்டு நாயை இனவிருத்திக்கு வைக்கலாகாது.

குட்டி விற்றுப் பணம் பார்க்கலாம் என்று பெட்டை வாங்குகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போடுவதில்லை. அறுபத்து மூன்று நாள் சினை, தாய்க்குத் தீனி, ஏழெட்டுக் குட்டிக்கும் ஊசி, புழு மருந்து, இதற்கிடையில் பிரசவம் தடைப்பட்டால் அறுவை என்று பார்த்தால் மிச்சம் சொற்பம். விலை போகாத குட்டி கடைசியில் தெருவுக்குத்தான் வருகிறது. குட்டி வேண்டாதவர்கள் பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்துவிடுவது நீண்ட காலச் சிக்கனம். வயதான பெட்டைக்கு வரும் கர்ப்பப்பைச் சீழும் மார்புக் கட்டியும் இதனால் பெரிதும் தவிர்க்கப்படும். அந்த வியாதிகளுக்கு அவசர அறுவை செய்வதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. வேட்டைக்குப் பழக்கலாம் என்று நினைப்போர், முயல் வேட்டை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பட்டாசு வட்டாரத்துத் தொல்லை

மற்ற ஊர் நாய்களுக்குத் தீபாவளி ஒரு நாள். இந்த வட்டார நாய்களுக்கு வெடிச் சத்தம் வருஷம் முழுவதும் உண்டு. ஆலைகளில் மாதிரி வெடித்துப் பார்ப்பார்கள். விபத்துச் சத்தமும் கேட்கும். சில நாய்கள் பழகிவிடும். சில பழகவே பழகாது. நடுங்கும், கதவைப் பிறாண்டி நகத்தைப் பிய்த்துக்கொள்ளும், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி லாரியில் அடிபடும். அடிபட்ட நாய்க்கு எலும்பு சேர்க்க ஆகும் செலவு, ஆண்டு முழுவதும் ஆகிற மற்ற எல்லாச் செலவையும் விட அதிகம்.

2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தீபாவளி அன்று வெடிக்க இரண்டு மணி நேரம் என்று ஆகி, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் வகுத்தார்கள். அந்த நேரத்தில் நாயை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைப்பது பலன் தரும். பயத்தில் ஒண்டுகிற நாயை அடிக்கக் கூடாது. மிகவும் பயப்படும் நாய்க்கு மாத்திரை உண்டு. ஆனால் அதைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு, ஒரு முறை சிறிய அளவில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். முதல் நாள் இரவு ஓடி வந்து கேட்டால் அவர் என்ன செய்வார்?

பட்டாசு வேலை நடக்கும் இடத்துக் குப்பையில் ஆடும் நாயும் மேய்வதைத் தடுக்க வேண்டும். வெடிமருந்துக் கலவையில் சேரும் பேரியம் உப்புகள், தீப்பெட்டி மருந்திலுள்ள குளோரேட் ஆகியவை விஷம். வாந்தி, கழிச்சல், கால் துவளுதல் என்று தொடங்கும். ஆடு நோயுற்றால் அது எங்கே மேய்ந்தது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னால், வீண் பரிசோதனைச் செலவு மிச்சமாகும்.

பெரிய செலவு வந்தால்

எல்லாம் செய்தும் ஒரு நாள் பெரிய செலவு வரத்தான் செய்யும். கண்ணாடி விரியன் தீண்டிய நாய்க்கு விஷ முறிவு மருந்து பல குப்பி தேவைப்படலாம். அப்போது டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். மொத்தம் எவ்வளவு ஆகும்? பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா? "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்வதில் வெட்கம் இல்லை. அதைக் கேட்டு, அவசியமான பரிசோதனை எது, தள்ளிப் போடக்கூடியது எது என்று டாக்டர் பிரித்துச் சொல்லுவார். சொல்லாமல் இருந்துவிட்டு, ஐந்து நாள் மருந்தை இரண்டாம் நாளே நிறுத்திவிடுவதுதான் உண்மையான நஷ்டம். கொடுத்த காசும் போகும், நோயும் மருந்துக்கு அடங்காத அளவுக்கு முற்றும்.

பிழைக்காது என்று டாக்டர் கூறும் நாயை வலியோடு வாரக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பது பாசம் ஆகாது. வலியில்லாமல் முடித்துவைக்க டாக்டரால் முடியும். நம் ஊரில் இதைப் பேசவே தயங்குகிறார்கள். இரவோடு இரவாகக் காட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது நாய்க்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.

நாய்க்குக் காப்பீடு செய்யும் நிறுவனங்கள் உண்டு. விலை உயர்ந்த நாய் வைத்திருப்போர் விசாரிக்கலாம். விதிவிலக்குகளைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு, மாதம் ஒரு சிறு தொகையை உண்டியலில் போட்டு வருவதே போதும். மாடு, ஆட்டுக்கு நிலைமை வேறு. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் 2024-ல் செய்த மாற்றத்தின்படி பிரிமியத்தில் 15 சதவீதம் மட்டுமே விவசாயி கட்டினால் போதும். காதில் போட்ட வில்லை விழுந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்கு நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம். கோமாரி நோய்க்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் முகாம்களில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். வெக்கை நோய் ஒரு காலத்தில் தொழுவங்களையே காலி செய்தது. ஊசியால்தான் அது 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. மாட்டை வண்டியில் ஏற்ற முடியாத அவசரத்தில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

வீட்டில் ஒரு பழைய நோட்டில் நாயின் பிறந்த தேதி, போட்ட ஊசி, ஊசிக் குப்பியின் லேபிள், புழு மருந்து கொடுத்த நாள், எடை ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது. ஒரே ஊசிக்கு இரண்டு முறை காசு கொடுக்கும் நிலையும் வராது. ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வைக்கலாம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று பலர் நம்புவது சரியல்ல.

செப்டம்பர் 28, பாஸ்டர் மறைந்த நாள், உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவச ஊசி முகாம்கள் நடப்பது வழக்கம். தேதியை அருகிலுள்ள மருந்தகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நாயைக் கொண்டு போகும்போது சங்கிலி மட்டும் போதாது. அங்கே பல நாய்கள் கூடும். துணி நாடாவால் வாய்க்கட்டுப் போட்டு, நாய்க்குப் பழகிய ஆள் ஒருவரே பிடித்துக்கொண்டு, வெயில் ஏறும் முன் போய்ச் சேருவது நல்லது.